அண்ணன் சொன்னதை நான் அழகாக்கிச் சொன்னேன்

கடலோரத்தாள் | பட்டர்வொர்த் | திங்கள், இரவு 10.48

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்து அறுப்பதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

என் அண்ணனுக்கு 36 வயது. மனச்சிதைவு நோய்க்கு ஆறு ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறார். அதற்கு முன்பு பினாங்குத் தீவில், லிட்டில் இந்தியாவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மூட்டை இறக்கும் வேலை. விடிந்ததும் ஃபெரி ஏறிப் போவார், இருட்டிய பிறகு திரும்புவார். அப்பா இல்லை. அம்மாவுக்கு மருத்துவமனை வாசலைப் பார்த்தாலே கைகால் நடுங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரை அழைத்துக்கொண்டு போவது நான்தான்.

மருத்துவர் ஒரு மலாய்க்கார இளம்பெண். மிகவும் பொறுமையானவர். அண்ணனுக்கு மலாய் நன்றாகவே தெரியும். ஆனால் நோய் வந்த பிறகு யார் எந்த மொழியில் கேட்டாலும் தமிழில்தான் பதில் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து நான் மலாயில் எடுத்துச் சொல்வேன்.

ஒருநாள் மருத்துவர், "தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அண்ணன் சொன்ன பதில் எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. அந்த வாரம் முழுவதும் வீட்டிலும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்:

"தூக்கம் ஃபெரியில் ஏறிவிட்டது. ஏறுவதற்கு ஏணி வேண்டும். ஏணி, ஆணி, ராணி. ராணிக்கு மணி கட்டினார்கள். மணிக்கு முள் உண்டு. முள்ளை எடுத்தவன் அவன்தான். அறுபது அடி. அடித்தால் யாருக்கும் கேட்காது."

நான் மருத்துவரிடம் சொன்னது: "தூக்கம் குறைவாம். படகில் வேலைக்குப் போன நாள்கள் நினைவுக்கு வருகின்றனவாம்."

பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. அண்ணன் சொல்ல வந்ததை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவரைப் பைத்தியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, வார்டில் சேர்த்துவிடக் கூடாது என்ற பயமும் இருந்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

சென்ற மாதம் அந்த மருத்துவர் விடுப்பில் இருந்தார். பதிலுக்கு வந்தவருக்குத் தமிழ் தெரியும். நேராக அண்ணனிடம் பேசினார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "எவ்வளவு நாளாக இப்படிப் பேசுகிறார்?" என்று கேட்டார். வெகு நாளாக என்றேன். கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினார். இரண்டு ஆண்டாக ஒவ்வொரு பக்கத்திலும் பேச்சு தெளிவாக இருப்பதாகவே எழுதியிருந்தது.

அது என்னுடைய பேச்சின் தெளிவு.

இப்படிப் பேச்சு குலைவது எதனால்? அதில் அர்த்தம் ஏதாவது இருக்கிறதா? உங்கள் வீட்டில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?


ஓய்வுபெற்ற தாதி | ஆயர் ஈத்தாம் | திங்கள், இரவு 11.35

தங்கச்சி, முதலில் உங்களை நீங்களே வதைத்துக்கொள்வதை நிறுத்துங்கள். நான் 31 ஆண்டு தாதியாக வேலை பார்த்தவள். அதில் பெரும்பகுதி தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில். மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தபோது நானும் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். அமெரிக்காவில் லூயிஸ் மார்க்கோஸ் என்ற மனநல மருத்துவர் 1979-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பயிற்சி இல்லாதவர் மொழிபெயர்க்கும்போது, கோணலாக வந்த பேச்சைத் தம்மை அறியாமலே நேராக்கிவிடுகிறார். கேட்டதற்குப் பொருள் கொடுப்பது மனித மனத்தின் பழக்கம். உறவினராக இருந்தால் பாசமும் பயமும் சேர்ந்துகொள்கின்றன.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் சுவிட்சர்லாந்தில் ஓய்கன் பிளாய்லர் இந்த நோயைப் பற்றிய தம் பெரிய நூலை வெளியிட்டார். ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். ஓர் எண்ணத்தை அடுத்த எண்ணத்தோடு கட்டும் முடிச்சு தளர்ந்துபோவதுதான் இந்த நோயின் மையம் என்று அவர் கருதினார். குரல் கேட்பதும் வீண் சந்தேகமும் அதற்கு அடுத்தவைதான் அவருக்கு. இன்றைய மருத்துவம் அந்த வரிசையை அப்படியே ஏற்பதில்லை. என்றாலும், பேச்சுக் குலைவு இன்றும் இந்த நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று.

1979-இல் நான்சி ஆண்ட்ரியாசன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் குலைவை 18 வகையாகப் பிரித்து அளவுகோல் ஒன்று செய்தார். பெயர்களை விடுங்கள், நான் வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன். "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்டால் ஒருவர் ரயில் நிலையத்தைப் பற்றித் தொடங்குவார், சோற்றுப் பக்கமே வர மாட்டார். இன்னொருவர் சரியாகத் தொடங்கி, வாக்கியத்துக்கு வாக்கியம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடம்புரண்டு, பத்தாவது வாக்கியத்தில் வேறு ஊரில் இருப்பார். யாருக்கும் தெரியாத சொற்களைப் புதிதாகப் படைத்துப் பேசியவர்கள் உண்டு. கடுமையாகிவிட்டால் சொல்லுக்கும் சொல்லுக்கும்கூட உறவு அறுந்து வெறும் சொற்குவியலாகிவிடும். சிலர் பேச்சின் நடுவில் தண்ணீர்க் குழாயை மூடியது போல நின்றுவிடுவார்கள். கேட்டால், "எண்ணத்தை யாரோ எடுத்துவிட்டார்கள்" என்பார்கள்.

எனக்கு மிகவும் கவலை தந்தவர்கள் வேறு. நாள் முழுவதும் "ஆம்", "தெரியாது" என்ற இரண்டு சொல்லோடு முடித்துக்கொள்ளும் பெண்கள் சிலர் இருந்தார்கள். அதுவும் இதே குலைவுதான், பேச்சு வற்றிப்போவது. ஆனால் யாருக்கும் தொல்லை இல்லையே! "அவள் அமைதியான பிள்ளை" என்று வீட்டில் ஐந்து ஆண்டு விட்டுவைத்த பிறகுதான் அழைத்து வருவார்கள்.

இது மனச்சிதைவில் மட்டும் வருவது என்றும் எண்ண வேண்டாம். மனம் கட்டுக்கடங்காமல் எழுச்சி கொள்ளும் மேனியா நோயிலும் பேச்சு தாவித் தாவி ஓடும். பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் நோய்க்குப் பெயர் வைத்துவிட முடியாது.


எதுகை | பிறை | செவ்வாய், காலை 6.20

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மருத்துவம் அறியேன். உங்கள் அண்ணன் சொன்னதை இரவு நான்கைந்து முறை படித்தேன்.

முதல் வாக்கியத்தில் குறை ஒன்றும் இல்லை. தூக்கம் தன்னை விட்டுப் போய்விட்டது என்பதை இதைவிட அழகாக எப்படிச் சொல்வது? இரண்டாவது வாக்கியத்தில் 'ஏறி' என்ற சொல் 'ஏணி'யை இழுக்கிறது. அது பொருளால் வந்த இழுப்பு. 'ஏணி, ஆணி, ராணி' என்ற இடத்தில் பொருள் கையை விட்டுவிடுகிறது, ஓசை பிடித்துக்கொள்கிறது. நாம் எதுகை என்கிறோமே, அதுவேதான். 'கட்டினார்கள்' என்பதில் கயிற்றால் கட்டுவதும் கட்டடம் கட்டுவதும் ஒன்றாகின்றன. 'முள்' கடிகாரத்திலும் இருக்கிறது, காலிலும் தைக்கிறது. அவர் கடிகார முள்ளில் ஏறி, காலில் தைக்கும் முள்ளில் இறங்கிவிட்டார். 'அறுபது அடி' நீளமாகத் தொடங்கி, அடுத்த வாக்கியத்தில் அடிப்பதாகிவிட்டது.

'பால்' என்று கேட்டவுடன் நமக்கும் பசு, தேநீர், தைப்பூசப் பால்குடம், ஆண்பால் பெண்பால் என்று எல்லாமே உள்ளுக்குள் லேசாக எழும். பேசுகிற சந்தர்ப்பம் வேண்டாதவற்றை அமுக்கிவிடும். அமுக்கியதே நமக்குத் தெரியாது. அந்த அமுக்கம் தளர்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் அண்ணனின் பேச்சு காட்டுகிறது. 1990-களில் ஜெர்மனியில் மான்ஃபிரெட் ஸ்பிட்சர் இதைச் சோதித்திருக்கிறார். 'சிங்கம்' என்ற சொல்லைக் காட்டிய பிறகு 'வரி' என்ற சொல்லைக் காட்டுவது போன்ற சோதனை அது. இரண்டுக்கும் நேரடி உறவு இல்லை. நடுவில் சொல்லப்படாத புலி நிற்கிறது. பேச்சு குலைந்த நோயாளிகளிடம் இப்படிச் சுற்றிவளைத்த உறவும் மற்றவர்களைவிட வலுவாக வேலை செய்தது.

இன்னொன்று, 'அவன்தான்' என்கிறாரே, யார் அந்த அவன்? முன்னால் யாரையும் சொல்லவில்லை. 1970-களின் இறுதியில் கனடாவில் நோயாளிகளின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள், கேட்பவரைத் திணறவைப்பதில் பெரும்பங்கு இந்த ஆளில்லாத 'அவன்', 'அது' போன்ற சொற்களுக்குத்தான் என்று கண்டார்கள். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு 'வந்தான், போனான்' என்றே பேசிவிடலாம் என்பதால், நம் வீடுகளில் இதைக் கவனிப்பது இன்னும் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரைச் சொல்கிறார் என்று நாமே ஓர் ஆளை நிரப்பிக்கொண்டு தலையாட்டிவிடுவோம்.

கவிதை போல இருக்கிறது என்று யாராவது பாராட்ட வந்தால் தயவுசெய்து வேண்டாம். கவிஞன் எதுகையைத் தேடிப் பிடிக்கிறான். இவரை எதுகை பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது.


மணிக்கூண்டு நிழல் | ஜார்ஜ்டவுன் | செவ்வாய், காலை 8.05

ஆசிரியர் ஐயா, ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெரியை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகில் வெள்ளை மணிக்கூண்டு ஒன்று நிற்கிறதே, அது விக்டோரியா ராணிக்காகக் கட்டியது. 1897-இல் ராணி பட்டத்துக்கு வந்து அறுபது ஆண்டு நிறைந்ததை முன்னிட்டுச் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் பணம் கொடுத்தார். ஆண்டுக்கு ஓர் அடி வீதம் அதன் உயரம் அறுபது அடி.

ராணிக்கு மணி கட்டினார்கள். மணிக்கு முள் உண்டு. அறுபது அடி. நான் அந்தப் பக்கம்தான் 20 ஆண்டாக வேலை பார்க்கிறேன். படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.


கடலோரத்தாள் | பட்டர்வொர்த் | செவ்வாய், காலை 8.31

பஸ்ஸில் உட்கார்ந்து அழுகிறேன். ஆறு ஆண்டாக வெறும் உளறல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


ஜெலுத்தோங் செல்வம் | செவ்வாய், பிற்பகல் 1.15

இப்போது நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். அர்த்தம் கிடைத்த மகிழ்ச்சியில் நோயை மறந்துவிடாதீர்கள். எங்கள் குடும்பம் அப்படி மறந்த குடும்பம்.

என் தாய்மாமா 24 வயதில் இப்படிப் பேச ஆரம்பித்தார். எண்கள், தெருப் பெயர்கள், செத்துப்போனவர்களின் பெயர்கள் எல்லாம் கலந்து வரும். பாட்டி அதை அருள்வாக்கு என்றார். அக்கம்பக்கத்தில் செய்தி பரவியது. ஒருவர் மாமா சொன்ன நான்கு எண்ணை வைத்து லாட்டரி எடுத்தார், பரிசு விழுந்துவிட்டது. அவ்வளவுதான். அதன் பிறகு மாலையானால் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வரிசை. எலுமிச்சம்பழமும் கற்பூரமும் பத்து வெள்ளி நோட்டுமாக வந்து நிற்பார்கள். தமிழர் மட்டுமா, சீனர்களும் வருவார்கள். மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, குளிக்காமல், தலைமுடி சடைபிடித்து, ஏதேதோ சொல்லிக்கொண்டிருப்பார். சுற்றியிருப்பவர்கள் சிகரெட்டுப் பெட்டியின் பின்பக்கத்தில் எண்களைக் குறித்துக்கொள்வார்கள். அவர் பயந்து நடுங்குவதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அவர் கை நடுங்குவதைச் சாமி வருகிறது என்றார்கள்.

மூன்று ஆண்டு கழித்துத்தான் மருத்துவமனைக்குப் போனார். சிகிச்சை தாமதிக்கத் தாமதிக்கக் குணம் காண்பது கடினமாகிறது என்று அங்கே சொன்னார்கள். இன்று மருந்தோடு ஓரளவு நன்றாக இருக்கிறார், செடி வளர்க்கிறார். அந்த மூன்று ஆண்டை அவருக்குத் திருப்பித் தர எங்கள் யாராலும் முடியாது.

நான் தினமும் கோவிலுக்குப் போகிறவன். தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுத்தவன். முருகனிடம் போய் வேண்டிக்கொள்ளுங்கள். அதோடு மருந்தும் கொடுங்கள்.


ஓய்வுபெற்ற தாதி | ஆயர் ஈத்தாம் | செவ்வாய், பிற்பகல் 2.40

செல்வம் தம்பி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். மணிக்கூண்டு கிடைத்தது நல்லது. அடுத்த முறை ஒன்றும் கிடைக்காமல் போகலாம், அதற்காக மனம் உடைய வேண்டாம். எல்லா முடிச்சையும் வெளியிலிருந்து அவிழ்க்க முடியாது.


நடந்துகொண்டிருப்பவன் | பாயான் பாரு | புதன், அதிகாலை 1.10

இந்த இழையில் இதுவரை பேசியவர்கள் எல்லாரும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். நான் உள்ளே இருந்தவன். 11 ஆண்டாக இந்த நோய் எனக்கு இருக்கிறது. ஒரு கணக்காளர் அலுவலகத்தில் பாதி நாள் வேலை பார்க்கிறேன்.

குலைந்து பேசுகிறோம் என்பது எனக்குத் தெரியாது. நான் மிகத் தெளிவாகப் பேசுவதாகவே தோன்றியது. எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்திருப்பது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது, இதைக்கூடப் புரிந்துகொள்ளாமல் இருக்கிறார்களே என்று அம்மாமேல் கோபம்கூட வந்தது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போதே அதிலிருந்து ஐந்து கதவு திறக்கும். எந்தக் கதவில் நுழைந்தேன் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் ஆறாவது அறையில் நிற்பேன். சில நேரம் எல்லாக் கதவும் ஒரே அடியாகச் சாத்திக்கொள்ளும். ஒன்றுமே இருக்காது, வெள்ளையாக இருக்கும். அந்த நேரத்தில் "ஏன் பேசாமல் இருக்கிறாய், பேசு, பேசு" என்று உலுக்குவார்கள். அது பெரிய கொடுமை.

எனக்கு மற்ற மருந்துகள் கேட்கவில்லை. குளோசபின் கொடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்துவிடுமோ என்று பார்க்க முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை, பிறகு மாதந்தோறும். எச்சில் ஊறும், உடல் பருத்தது, காலையில் எழுந்திருக்க முடியாது. ஆனாலும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கின. அதற்காக நன்றியோடு இருக்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். சிறிய கேள்வி. பதில் வரும்வரை காத்திருங்கள், வானொலியை நிறுத்துங்கள். புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். "ஃபெரி வரைக்கும் புரிந்தது, அதற்குப் பிறகு விட்டுவிட்டேன், அங்கிருந்து சொல்" என்று சொல்லுங்கள். நான் திரும்பி வருவதற்கு அந்தச் சொல் ஒரு பிடி. என் அக்கா அப்படித்தான் செய்வாள்.

கடலோரத்தாள் அக்கா, ஒன்று கேட்கிறேன். "அடித்தால் யாருக்கும் கேட்காது" என்றாரே, அவரை யாராவது அடித்தார்களா என்று கேட்டீர்களா? எதுகையால் வந்ததாகவும் இருக்கலாம். கேட்காமல் எப்படித் தெரியும்?

பிறகு, அவர் பேசுவதை அவருக்குத் தெரியாமல் எழுதி வைக்கவோ கைப்பேசியில் பதிவு செய்யவோ வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். என்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் என் அக்கா அப்படி ஒரு குறிப்பேடு வைத்திருந்து அது என் கண்ணில் பட்டிருந்தால், அந்த வீட்டில் நான் மறுபடியும் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

கடைசியாக, மனச்சிதைவு என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ சுருங்குகிறது. என் மனம் சிதையவில்லை. ஜப்பானில் 'பிளவு' என்ற பொருள் தரும் பழைய பெயரை 2002-இல் நீக்கிவிட்டு 'ஒருங்கிணைவு தவறுதல்' என்ற பொருளில் புதிய பெயர் வைத்தார்கள். நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டு நடந்த மாற்றம் அது. தமிழிலும் யாராவது யோசிக்க வேண்டும்.


கிள்ளான் சாலை | கோலாலம்பூர் | புதன், காலை 9.50

எல்லாரும் மறைந்துபோன நோயைப் பற்றிப் பேசுகிறீர்கள். இல்லாத நோயை எழுதிவிடும் ஆபத்தும் இருக்கிறது. நம் ஆள்கள் ஒரே வாக்கியத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம், பினாங்கு என்றால் ஹொக்கியன் வரை கலந்து பேசுகிறவர்கள். "நேற்று இரவு அம்மன் கனவில் வந்து பேசினாள்" என்று சாதாரணமாகச் சொல்கிறவர்கள். நம் பேச்சுப் பழக்கம் தெரியாதவர் இதைக் குலைவு என்று குறித்துக்கொண்டால்? 1970-களில் அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் நோயாளிகளைத் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் பேசவைத்துப் பார்த்தார்கள். தாய்மொழியில்தான் நோய் வெளிப்படுகிறது என்றார் ஒருவர். அந்நிய மொழியில்தான் நோய் அதிகமாகத் தெரிகிறது என்றார் இன்னொருவர். எந்த மொழியில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து நோயின் அளவே மாறித் தெரிகிறது என்றால் அது சின்ன விஷயமா?

இப்போது கணினியும் வந்துவிட்டது. 2015-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் நோய் வரும் அபாயத்தில் இருந்த 34 இளையோரின் பேச்சைக் கணினியால் அலசினார்கள். பின்னால் நோய் கண்ட ஐவரை அந்த அலசல் சரியாகப் பிரித்துக் காட்டியது. சிறிய ஆய்வுதான் என்றாலும் பெரிய செய்தி. ஆனால் அது ஆங்கிலப் பேச்சு. நாளைக்கு அதே கருவியை நம் கலப்புப் பேச்சின்மேல் வைத்தால் வாக்கியத்துக்கு வாக்கியம் தடம்புரள்கிறது என்றுதான் சொல்லும் என்று அஞ்சுகிறேன். நம் மொழியில், நம் பேச்சில், நல்ல நிலையில் இருப்பவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை முதலில் பதிவு செய்ய வேண்டும். தமிழ் தெரிந்த மனநல மருத்துவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் நம் மருத்துவமனைகளில் போதிய அளவில் வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல. ரத்த அழுத்தம் பார்க்கக் கருவி கேட்பது போல அது.


சுங்கை டுவா மகள் | புதன், காலை 10.22

மன்னிக்கவும், இடையில் புகுந்து கேட்கிறேன். அப்பாவுக்கு 71 வயது. இதுவரை மனநோய் எதுவும் இல்லை. நேற்று மாலையிலிருந்து இதே மாதிரி தொடர்பில்லாமல் பேசுகிறார். இறந்துபோன சித்தப்பாவோடு பேசுகிறார், சிறிது நேரம் தெளிகிறார், மறுபடி குழம்புகிறார். இதுவும் மனச்சிதைவா?


ஓய்வுபெற்ற தாதி | ஆயர் ஈத்தாம் | புதன், காலை 10.26

இல்லை அம்மா. இழையைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வயதானவருக்குத் திடீரென்று இப்படி வந்து, கூடிக் குறைந்து இருந்தால், உடம்பில்தான் காரணம் இருக்கும். கிருமித் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, சாப்பிடும் மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். வாய் கோணியிருக்கிறதா, ஒரு கை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாதமாக இருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வண்டி இல்லாவிட்டால் 999-ஐ அழையுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.


ஓய்வுபெற்ற தாதி | ஆயர் ஈத்தாம் | புதன், பிற்பகல் 3.15

கிள்ளான் சாலை ஐயாவின் பயம் நியாயமானது. பல மொழி கலந்து பேசுவதில் இழை அறுவதில்லை. எந்த மொழிக்குத் தாவினாலும் பேச்சு ஊர் போய்ச் சேரும். குலைந்த பேச்சு ஒரே மொழியில் இருந்தாலும் ஊர் சேராது. ஆனால் வெளியாருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். எது எப்போதும் உள்ள பேச்சு, எது புதிது என்று சொல்ல வீட்டாரால்தான் முடியும். "இவர் நோய்க்கு முன்பும் இப்படித்தான் மலாய் கலந்து பேசுவார், அது புதிதல்ல. ஆனால் பேச்சு பாதியில் நின்றுபோவது தீபாவளிக்குப் பிறகு வந்தது" என்று சொல்லும் ஒரு தங்கை பத்துப் பரிசோதனைக்குச் சமம்.

எனவே கடலோரத்தாள், நீங்கள் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள், ஆனால் சொல்லுக்குச் சொல். 'ஏணி, ஆணி, ராணி' என்றால் மூன்றையும் சொல்லி, தமிழில் இவை ஒரே ஓசை கொண்டவை என்று சொல்லுங்கள். எங்கே உங்களுக்கு விளங்கவில்லையோ அங்கே, "இந்த இடத்தில் எனக்கு விளங்கவில்லை" என்பதையும் சொல்லுங்கள். அந்த விளங்காமையை மருத்துவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதைத்தான் இரண்டு ஆண்டாக நீங்கள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

குறிப்பேட்டைப் பற்றிப் பாயான் பாரு தம்பி சொன்னது எனக்கே பாடம். 31 ஆண்டு நான் நோயாளிகளைக் கேட்காமலே குறித்துவந்தவள். அண்ணனின் மனம் தெளிந்திருக்கும் வேளை பார்த்து, அவரிடமே அனுமதி கேளுங்கள்.

வீட்டில் அவரைத் திருத்தித் திருத்திப் பேச வைக்காதீர்கள். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் தொடங்கிவைத்த ஆய்வுகள், ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளுக்கு நோய் மறுபடி முற்றுவது அதிகம் என்று காட்டின. அளவுக்கு மீறித் தலையிட்டுத் தாங்கும் வீட்டிலும் அப்படித்தான். அம்மாவிடமும் சொல்லுங்கள்.


சுங்கை டுவா மகள் | வியாழன், காலை 7.05

அப்பாவை வார்டில் சேர்த்துவிட்டார்கள். சிறுநீரில் கிருமித் தொற்று, ரத்தத்தில் உப்பும் குறைந்திருந்தது. இன்று காலை என் பெயரைச் சொல்லி அழைத்தார். தாதியம்மா, உங்களுக்குக் கோடி நன்றி.


கடலோரத்தாள் | பட்டர்வொர்த் | ஞாயிறு, இரவு 9.30

ஐந்து நாள் இந்தப் பக்கம் வரவில்லை. வேலையும் இருந்தது, தயக்கமும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் நல்ல தெளிவோடு இருந்தார். அம்மா அடுப்படியில் வடை போட்டுக்கொண்டிருந்தார். நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சொன்னேன்: "அண்ணா, நீங்கள் சொன்னதை நான் மருத்துவரிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். தப்பு என்னுடையது. இனிமேல் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போகலாமா?" அவர் வெகு நேரம் பதில் சொல்லவில்லை. பாயான் பாரு தம்பி சொன்னது நினைவில் இருந்ததால் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டாவது ஈடு வடை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான், "எழுது. நான் பார்க்க வேண்டும்" என்றார்.

அடித்தார்களா என்றும் கேட்டேன். ஒரே ஒரு கேள்வி, சிறியதாக. "மணிதான். வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது" என்றார். அதற்கு மேல் தொடர்ந்தது எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று அவரிடமே சொன்னேன். கோபப்படவில்லை.

மருத்துவரிடம் போகும் நாள் 14-ஆம் தேதி. தொலைபேசியில் அழைத்துத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றார்கள்.

இன்று சாயங்காலம் அந்தப் பழைய பேச்சு மறுபடி வந்தது. குறிப்பேட்டை எடுத்து அவர் கண்முன்னாலேயே எழுதினேன். முடித்ததும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். விரலை ஒவ்வொரு சொல்லாக வைத்துப் படித்தார். முதல் வரியிலேயே விரல் நின்றுவிட்டது.

"படகு என்று எழுதியிருக்கிறாய். நான் ஃபெரி என்றேன். படகு வேறு."

அடித்துவிட்டு ஃபெரி என்று எழுதிக் காட்டினேன். அதையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, சரி என்றார்.